குடம் இறங்காத கிணறு!

கிணறு எதற்கு?

குடிப்பதற்கு. குளிப்பதற்கு. தோட்டத்துக்கும் வயலுக்கும் பாய்ச்சுவதற்கு. சின்னக் குழந்தையைக் கேட்டாலும் இப்படித்தான் சொல்லும்.

ஆனால், இன்னொரு வகைக் கிணறு இருக்கிறது. அதில் குடம் இறங்காது. ராட்டினம் கிடையாது, கயிறும் கிடையாது. அதன் வாய் ஒரு சாண் அகலம்கூட இராது. வாய்க்கு மூடி உண்டு. மூடிக்குப் பூட்டும் உண்டு!

பூட்டுப் போட்ட கிணறா? அது எதற்கு?

பூமிக்கு அடியில் உள்ள தண்ணீர் கெட்டுவிட்டதா, இல்லையா என்று பார்ப்பதற்கு. அதற்குக் கண்காணிப்புக் கிணறு என்று பெயர்.

வைத்தியர் நோயாளியின் கையைப் பிடித்து நாடி பார்க்கிறார். அதுபோல, பூமியின் நாடியைப் பார்க்கும் கிணறு இது.

இந்தக் கிணற்றைத் தோண்டவும் அனுமதி வாங்க வேண்டும். "தண்ணீரே எடுக்கப் போவது இல்லை. பார்க்கத்தானே போகிறோம்? அதற்கும் அனுமதியா?" என்று கேட்கத் தோன்றும்.

அனுமதி வேண்டும்தான்! ஏன் வேண்டும், யாரிடம் வாங்க வேண்டும் என்பது விளங்க, நாகப்பட்டினத்தின் கதையை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

கடைமடையின் கவலை

குடகில் பிறக்கும் காவிரி, தஞ்சைத் தரணியில் பல கிளைகளாகப் பிரிந்து ஓடுகிறது. வெண்ணாறு, வெட்டாறு, கடுவையாறு என்று எத்தனையோ பெயர்கள். வயல்களுக்கு எல்லாம் பாய்ந்து, கடைசியில் அது கடலைத் தொடும் இடம் நாகை. அதனால்தான் அந்தப் பகுதிக்குக் கடைமடை என்று பெயர்.

1991-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் நாகப்பட்டினம், தஞ்சாவூரில் இருந்து பிரிந்து தனி ஜில்லா ஆயிற்று. திருவாரூரும் மயிலாடுதுறையும் அப்போது அதில்தான் சேர்ந்து இருந்தன.

அங்கே ஒரு பக்கம் நெல் வயல். மறு பக்கம் கடல். அடியிலே இரண்டு வகைத் தண்ணீர்.

ஒன்று, மழையும் ஆறும் கொடுத்த நல்ல தண்ணீர். மற்றொன்று, கடலில் இருந்து மண்ணுக்குள் வந்த உப்புத் தண்ணீர். உப்புத் தண்ணீர் கனமானது, அடியில் தங்கும். நல்ல தண்ணீர் இலேசானது. அதன் மேல் மிதக்கும்.

இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஹாலந்து நாட்டுக்காரர் ஒருவரும், ஜெர்மனிக்காரர் ஒருவரும் தனித்தனியே கண்டுபிடித்த கணக்கு அது.

கடல் மட்டத்துக்கு மேல் நல்ல தண்ணீர் ஒரு அடி உயரம் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு நல்ல தண்ணீர் இருக்கும்!

கேட்க மகிழ்ச்சியாக இருக்கிறது அல்லவா? ஆனால், இதற்கு மறுபக்கமும் உண்டு. இறைத்து இறைத்து மேலே ஒரு அடி குறைந்தால், நாளடைவில் கீழே உப்பு 40 அடி மேலே ஏறி வரும்!

கொஞ்சம் உப்புக் கலந்தாலும் ஆபத்துதான். கடல் தண்ணீரில் ஒரு லிட்டருக்கு 35 ஆயிரம் மில்லிகிராம் அளவுக்கு உப்புகள் கரைந்து இருக்கின்றன. குடிக்கும் தண்ணீரில் 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு வழியே இல்லை என்றால் 2 ஆயிரம் வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம்.

ஆகவே, நூறு குடம் நல்ல தண்ணீரில் ஐந்தாறு குடம் கடல் தண்ணீர் கலந்தால் போதும். அத்தனையும் குடிக்க உதவாது!

இறால் வந்தது

1990-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில், தமிழ்நாட்டுக் கடற்கரையில் ஒரு புதுத் தொழில் பரவியது. அதுதான் இறால் பண்ணைத் தொழில். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் இறாலுக்கு நல்ல விலை. கடலோர நிலங்கள் மளமளவென்று கைமாறின. நெல் விளைந்த இடங்களிலும் குட்டைகள் தோன்றின.

கடல் தண்ணீரைப் பம்பு வைத்து இறைத்துக் குட்டைகளில் நிரப்பினார்கள். உப்பின் அளவைக் குறைப்பதற்காகப் பூமிக்கு அடியில் இருந்து நல்ல தண்ணீரையும் எடுத்துக் கலப்பது உண்டு.

"எங்கள் கிணறு உப்புக் கரிக்கிறது" என்ற புகார், கடலோரக் கிராமங்களில் எழுந்தது. பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு வெகு தூரம் நடந்தார்கள். உப்பு ஏறிய வயலில் நெல் கருகியது. கூலி வேலையும் குறைந்தது.

இந்த மக்களுக்காகப் போராட முன்வந்தார், ஒரு முதியவர். அவர் சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ 80! அவருடைய மனைவி கிருஷ்ணம்மாளும் உடன் நின்றார். நிலம் இல்லாத ஏழைகளுக்கு நிலம் வாங்கிக் கொடுக்க, 1981-ல் 'லாப்டி' என்ற அமைப்பை உண்டாக்கி, நாகை வட்டாரத்தில் பாடுபட்டு வந்த தம்பதி அவர்கள்.

உண்ணாவிரதம், சத்தியாக்கிரகம் என்று போராட்டம் வளர்ந்தது. 1994-ல் ஜெகந்நாதன் சுப்ரீம் கோர்ட்டில் வழக்குப் போட்டார்.

கோர்ட்டு அனுப்பிய நிபுணர்கள்

கோர்ட்டு என்ன செய்தது தெரியுமா? "நேரில் போய்ப் பாருங்கள்" என்று நிபுணர்களை அனுப்பியது!

1995-ஆம் ஆண்டு மார்ச் மாதம், நாகபுரியில் உள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சிக் கழகத்துக்கு உத்தரவு போயிற்று. 'நீரி' என்று சுருக்கமாகச் சொல்லப்படும் கழகம் அது. அதன் நிபுணர்கள் கடற்கரைக்கு வந்தார்கள், பார்த்தார்கள், அறிக்கை கொடுத்தார்கள். பண்ணைகளால் நிலமும் கிணறுகளும் உப்பாவதை அந்த அறிக்கை எடுத்துச் சொன்னது.

1996-ஆம் ஆண்டு டிசம்பர் 11-ந் தேதி, நீதிபதிகள் குல்தீப் சிங், சாகீர் அகமது இருவரும் தீர்ப்புக் கூறினார்கள். "கெடுத்தவரே நஷ்டஈடு கொடுக்க வேண்டும். கெட்டதைச் சீர்திருத்தும் செலவும் அவருடையதே. விளைநிலத்தை இறால் குட்டை ஆக்கக் கூடாது" என்பது தீர்ப்பின் சாரம். கடலோரக் கட்டுப்பாட்டுப் பகுதியில் உள்ள பண்ணைகளை இடிக்கவும் உத்தரவு ஆயிற்று. பழைய முறையில் இறால் வளர்ப்போருக்கு மட்டும் விலக்கு.

அதோடு கதை முடியவில்லை. மறு ஆய்வு மனுக்கள் போயின. இடிக்கும் உத்தரவு நிறுத்தி வைக்கப்பட்டது. 2005-ல் பாராளுமன்றம் தனிச் சட்டம் இயற்றியது. பதிவு செய்துகொண்டு, விதிகளுக்கு உட்பட்டுப் பண்ணை நடத்தலாம் என்று ஆயிற்று. ஜெகந்நாதன் 2013-ல் காலமானார்.

எந்த வழியாக வந்தது உப்பு?

இந்த மாதிரி வழக்குகளில் எல்லாம் ஒரு கேள்வி எழும்.

"எங்கள் கிணறு கெட்டுவிட்டது" என்பார் ஊர்க்காரர். "நேற்று நன்றாக இருந்தது என்பதற்கு என்ன சாட்சி?" என்பார் எதிர்த் தரப்பு வக்கீல். "உப்பு குட்டையில் இருந்து வந்ததா, கடலில் இருந்து தானாக வந்ததா?" என்று இன்னொரு கேள்வியும் போடுவார்.

நியாயமான கேள்விகள்தான். ஆனால், வாயால் பதில் சொல்ல முடியாது. பூமிதான் பதில் சொல்ல வேண்டும். பூமியைப் பேச வைப்பது கண்காணிப்புக் கிணறு!

எப்படி?

அருகருகே இரண்டு கிணறுகள் போடுகிறார்கள். ஒன்று ஆழம் குறைந்தது, ஒன்று ஆழமானது. மேல் கிணற்றில் மட்டும் உப்பு ஏறினால், அது பெரும்பாலும் மேலே இருந்து கசிந்து இறங்கியது. குட்டையின் மீது சந்தேகம் விழும். ஆழக் கிணற்றில் முதலில் உப்பு ஏறினால், அது கடலில் இருந்து அடிவழியாக வந்திருக்கலாம். யாரோ அளவுக்கு மீறி இறைக்கிறார்கள் என்று பொருள்.

தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று அறிய, மூன்று கிணறுகளாவது வேண்டும். மூன்றையும் முக்கோணமாகப் போட்டு, நீர்மட்டத்தை அளந்து பார்த்தால், ஓடும் திசை தெரிந்துவிடும். கழிவு கிடக்கும் இடத்துக்கு முன்னால் ஒரு கிணறு. அதைத் தாண்டி இரண்டு கிணறு. முன்னால் உள்ளது சுத்தமாக இருந்து, பின்னால் உள்ளவை கெட்டுப் போனால், குற்றவாளி நடுவில் இருக்கிறான்!

சாட்சி பொய் சொல்லலாமா?

சாட்சி நல்ல சாட்சியாக இருக்க வேண்டும். அதனால் இந்தக் கிணற்றைக் கட்டுவதில் வெகு கவனம் தேவை.

பூமியில் துளை போட்டு, சுமார் 4 அங்குலக் குழாயை இறக்குகிறார்கள். குழாயின் அடிப்பகுதியில் மட்டும் கீற்றுக் கீற்றாக வெட்டு இருக்கும். தண்ணீர் அந்த வழியாக மட்டுமே உள்ளே வரும். அதைச் சுற்றிச் சிறு கூழாங்கல். அதற்கு மேலே, தண்ணீர் பட்டால் உப்பி அடைத்துக்கொள்ளும் ஒரு வகைக் களிமண். அதற்கும் மேலே சிமெண்டு. பிறகு மூடி. பிறகு பூட்டு.

பூட்டு எதற்கு? யாரும் எதையும் உள்ளே கொட்டிவிடக் கூடாது அல்லவா? சாட்சியைக் கலைக்க ஒரு குடம் உப்புத் தண்ணீர் போதுமே!

ஒரு கிணறு தோண்டிய கருவியைக் கழுவிய பிறகுதான் அடுத்த கிணற்றுக்குக் கொண்டு போக வேண்டும். இங்கே இருந்த அழுக்கு அங்கே போய்விடக் கூடாது.

பரிசோதனைக்குத் தண்ணீர் எடுக்கும்போதும் உடனே எடுப்பது இல்லை. குழாயில் நிற்பதைப் போல மூன்று மடங்கு தண்ணீரை முதலில் வெளியேற்றுவது வழக்கம். பல நாள் தேங்கி நின்ற தண்ணீர் உண்மை சொல்லாது. புதிதாக ஊறி வரும் தண்ணீர்தான் உண்மை சொல்லும்.

ஏன் அனுமதி?

இப்போது அனுமதி விஷயத்துக்கு வருவோம்.

பூமிக்கு அடியில் மணல் அடுக்கும் களிமண் அடுக்கும் மாறி மாறி இருக்கும். களிமண் அடுக்கு ஒரு தாழிட்ட கதவு மாதிரி. மேலே உள்ள கெட்ட தண்ணீர் கீழே உள்ள நல்ல தண்ணீரோடு சேராதபடி அது காக்கிறது.

அந்தக் கதவில் ஓட்டை போட்டால் என்ன ஆகும்? மேலே இருந்த விஷம் விறுவிறு என்று கீழே இறங்கும். நோயைப் பார்க்கப் போட்ட துளையே நோயைப் பரப்பும்!

கெட்டுப்போன இடத்தில் யார் வேண்டுமானாலும், எப்படி வேண்டுமானாலும் துளை போடக் கூடாது என்பதற்கு இதுதான் காரணம்.

இன்னொரு காரணமும் உண்டு. அதை நினைத்தாலே நெஞ்சு பதறும். 2019-ஆம் ஆண்டு அக்டோபரில், மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில், கைவிடப்பட்ட ஆழ்குழாய்க் கிணற்றில் 2 வயதுக் குழந்தை விழுந்தது. நாடே கண்ணீர் வடித்தது. குழந்தையைக் காப்பாற்ற முடியவில்லை.

இப்படிப்பட்ட சாவுகளைத் தடுக்க, 2010-லேயே சுப்ரீம் கோர்ட்டு விதிகள் வகுத்து இருந்தது. தோண்டுவதற்கு 15 நாள் முன்பே அதிகாரிகளுக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். துளை போடும் நிறுவனம் பதிவு செய்திருக்க வேண்டும். வேலை நடக்கும் இடத்தில் வேலியும் அறிவிப்புப் பலகையும் வேண்டும். குழாயைச் சுற்றி அரை மீட்டர் சதுரத்தில் சிமெண்டு மேடை வேண்டும். வாயை இரும்பு மூடியால் அடைக்க வேண்டும். வேண்டாத கிணற்றை அடியில் இருந்து மண், கல் போட்டு மூட வேண்டும்.

கண்காணிப்புக் கிணறும் ஒரு துளைதானே? அதற்கும் இந்தக் கவனம் வேண்டும்.

எத்தனை வாசல்!

சரி, அனுமதிக்கு எங்கே போவது?

முதல் வாசல், நிலத்தின் சொந்தக்காரர். பட்டா நிலமா, புறம்போக்கா, கோவில் நிலமா என்று பார்க்க வேண்டும். தஞ்சைச் சீமையில் கோவில் நிலம் ஏராளம். ஒவ்வொன்றுக்கும் ஒரு கையெழுத்து வேண்டும். பட்டா என்றால் உடையவர். புறம்போக்கு என்றால் வருவாய்த் துறை. கோவில் நிலம் என்றால் கோவில் நிர்வாகம்.

இரண்டாவது வாசல், ஊராட்சி அல்லது நகராட்சி. கிராமத்தில் கிணறு தோண்டவும் ஆழப்படுத்தவும் முன் அனுமதி வேண்டும் என்பது தமிழ்நாட்டு விதி.

மூன்றாவது வாசல், நிலத்தடி நீரைக் கவனிக்கும் அரசுப் பிரிவு. இதன் தலைமை அலுவலகம் சென்னை தரமணியில் இருக்கிறது. "தண்ணீர் எடுப்பதற்கு அல்ல, பார்ப்பதற்கு மட்டுமே" என்பதை மனுவின் முதல் வரியிலேயே எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் வியாபாரத்துக்குத் தண்ணீர் எடுக்கும் மனுக்களோடு அதுவும் சேர்ந்துவிடும்.

நான்காவது வாசல், கடற்கரை. 1991-ல் வந்த மத்திய அரசின் அறிவிப்பு, கடல் அலை ஏறும் எல்லையில் இருந்து 500 மீட்டர் வரை கட்டுப்பாடு விதித்தது. நிலத்தடி நீரை எடுப்பதையும் அது கட்டுப்படுத்தியது. பிறகு 2011-லும் 2019-லும் அந்த அறிவிப்பு புதுப்பிக்கப்பட்டது. கடலோரத்தில் துளை போடுவோர் இதையும் பார்த்தாக வேண்டும்.

துளை போடும் இடத்துக்கு அடியில் எண்ணெய்க் குழாயோ, மின்சாரக் கம்பியோ போகிறதா என்றும் விசாரிக்க வேண்டும். எண்ணெய்க் குழாய்கள் ஓடும் நாகை வட்டாரத்தில் இது மிக முக்கியம்.

நிலத்தடி நீருக்கு இத்தனை காவல் முன்பு இல்லை. நிலம் யாருடையதோ, அடியில் உள்ள தண்ணீரும் அவருடையது என்ற வெள்ளைக்காரர் காலத்து எண்ணமே நெடுநாள் இருந்தது. 1996-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ந் தேதி, வேறொரு வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு இட்ட உத்தரவால், 1997 ஜனவரியில் மத்திய நிலத்தடி நீர் ஆணையம் பிறந்தது. இறால் பண்ணைத் தீர்ப்பு வந்ததோ அதற்கு மறுநாள்! அடுத்தடுத்த இரண்டு நாட்களில், மண்ணுக்கு அடியில் உள்ள தண்ணீரின் தலையெழுத்தே மாறியது.

காத்திருக்காது தண்ணீர்!

ஆனால், ஒன்று. அனுமதி என்பது காவலாக இருக்க வேண்டும். கைவிலங்காக ஆகிவிடக் கூடாது.

மனு ஒரு மேஜையில் இருந்து மறு மேஜைக்குப் போகப் பல மாதம் ஆகலாம். பூமிக்கு அடியில் விஷம் காத்திருக்குமா? அது தன்பாட்டில் நகர்ந்துகொண்டே இருக்கும். மழைக்காலம் வந்து போனால், கடந்த கோடையில் தண்ணீர் எப்படி இருந்தது என்பதற்கான சாட்சியமும் அதோடு கரைந்து போகும்.

தமிழ்நாட்டிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. பாலாற்றங்கரையில் உள்ள ராணிப்பேட்டையில், தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிக்கல்ஸ் என்ற தொழிற்சாலை இருந்தது. 1990-ஆம் ஆண்டுகளின் நடுவில் அது மூடப்பட்டது. ஆலை மூடிற்று, கழிவு மூடவில்லை! லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட குரோமியக் கழிவு வெட்டவெளியில் குவிந்து கிடந்தது. மழை பெய்யப் பெய்ய விஷம் மண்ணுக்குள் இறங்கியது. ஐதராபாத்தில் உள்ள தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சிக் கழகத்தார் அங்கே நிலத்தடி நீரை ஆராய்ந்து, குரோமியம் பரவியதைக் கண்டறிந்தார்கள். நோய் முற்றிய பிறகு நாடி பார்த்த கதைதான் இது.

நல்ல செய்தி ஒன்றும் உண்டு. 2025-ஆம் ஆண்டு ஜூலையில், மாசடைந்த இடங்களுக்கு என்றே மத்திய அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. சந்தேகத்துக்கு உரிய இடங்களை ஜில்லா நிர்வாகமும் உள்ளாட்சியும் பட்டியல் எடுக்க வேண்டும். மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் ஆராய வேண்டும். கெடுத்தவரே சீர்திருத்தும் செலவை ஏற்க வேண்டும் என்பது அதன் நோக்கம். 1996-ல் கடற்கரை மக்களுக்காகச் சொல்லப்பட்ட அதே நீதி!

வீட்டில் செய்ய வேண்டியது

கண்காணிப்புக் கிணறு போட எல்லாராலும் முடியாது. ஆனால், எல்லார் வீட்டிலும் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கும்.

கிணற்றில் நீர் எத்தனை அடியில் நிற்கிறது? ருசி எப்படி? நிறம் எப்படி? மாதம் ஒரு முறை தேதி போட்டு எழுதி வையுங்கள். வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளை இருந்தால், அந்த வேலையை அதனிடம் விடுங்கள்.

கோடையில் ஒரு தடவை, மழைக்குப் பிறகு ஒரு தடவை, குடிநீர் வடிகால் வாரிய ஆய்வுக்கூடத்தில் தண்ணீரைப் பரிசோதித்து, அந்தக் காகிதத்தைப் பத்திரப்படுத்துங்கள். 2004 டிசம்பர் 26-ந் தேதி ஆழிப்பேரலை வந்து, நாகைக் கிணறுகளில் கடல் புகுந்ததே! அதற்கு முன் தண்ணீர் எப்படி இருந்தது என்று எழுதி வைத்திருந்த வீடுகள் எத்தனை இருக்கும்?

அரசாங்கத்தின் கண்காணிப்புக் கிணறுகள் ஏற்கெனவே பல ஊர்களில் இருக்கின்றன. அவற்றின் கணக்கு பொதுமக்களின் சொத்து. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் சட்டப்படி மனுப் போட்டால், 30 நாட்களில் பதில் தர வேண்டும். "எங்கள் ஊரிலும் ஒரு கண்காணிப்புக் கிணறு வேண்டும்" என்று கிராம சபையில் தீர்மானம் போடலாம். திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் கலெக்டரிடம் கொடுக்கலாம்.

குடிக்கும் கிணறு ஒரு வீட்டின் தாகத்தைத் தீர்க்கும். குடம் இறங்காத அந்தக் கிணறோ, ஊரில் உள்ள அத்தனை கிணறுகளையும் காக்கும்.

தண்ணீர் கெட்ட பிறகு அழுவதைவிட, கெடுவதற்கு முன்பே பார்ப்பது மேல்!